சுண்டெலி, எலி, யானை

போமோனா, கலிஃபோர்னியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், சித்தி, பாட்டி எல்லோரும் சவுக்கியமா? போன வாரம் போனில் பேசும்போது லேத் ஓடிய சத்தத்தில் நான் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை. "அமெரிக்கா போயும் போரிங் மெஷின்தானாடா?" என்று நீங்கள் சிரித்தது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆமாம், சிலிண்டரைக் குடையும் போரிங்தான், அதை மெருகேற்றும் ஹோனிங்தான், எஞ்சினின் சுழல்தண்டைத் தீட்டும் கிராங்க் கிரைண்டிங்தான். நம் கணபதி பட்டறையில் லாரி எஞ்சின், இங்கே தாத்தாக்கள் ஓட்டும் ஹாட் ராட் எஞ்சின், அவ்வளவுதான் வித்தியாசம். விவரமாக எழுதச் சொன்னீர்கள், இன்றைக்கு ஞாயிறு, உட்கார்ந்துவிட்டேன்.

ஹாட் ராட் என்றால் பெரும்பாலும் 1930-களின் ஃபோர்டு. மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, இருக்கிற எஞ்சினை முறுக்கேற்றியோ வேறு கம்பெனி எஞ்சினைத் தூக்கி வைத்தோ ஓட்டுவது. இந்தப் பைத்தியத்துக்குத் தாய்வீடு நான் இருக்கும் தெற்குக் கலிஃபோர்னியாதான். மலையைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம். அங்கே மியூராக், எல் மிராஜ் என்று தண்ணீர் வற்றிய ஏரிகள், மைல் கணக்கில் இறுகிப்போன களிமண் தரை. அந்தக் காலத்துப் பையன்கள் வாரக்கடைசியில் அங்கே போய் வேகம் அளந்தார்கள். 1937-லேயே கிளப்புகள் எல்லாம் கூடி சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று சங்கம் வைத்துவிட்டார்கள். மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இப்போது அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். எல் மிராஜில் இன்றும் ஓட்டுகிறார்கள். வண்டியின் பக்கவாட்டில் கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் புகைக்குழாயை இன்றைக்கும் 'லேக் பைப்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஏரிப் பேர்தான்.

சித்தப்பா, வேலை எனக்குப் புதிதில்லை, பாஷைதான் புதிது. போன மாதம் ஒரு எஞ்சின் வந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "59 ஏபி. எய்த் ஓவர். மெர்க் கிராங்க். போர்ட்டட் அண்ட் ரிலீவ்டு. இஸ்கி ஸ்டிக். மூணு 97." ஒரு முழு எஞ்சினின் ஜாதகமே இவ்வளவுதான்.

59 ஏபி என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்து ஃபோர்டு வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) பிளாக். பின்னால் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் மேல் 59 என்று வார்ப்பிலேயே இருக்கும். இந்த வகை எஞ்சினுக்குப் பொதுப்பேர் ஃபிளாட்ஹெட், செல்லமாக ஃபிளாட்டி. வால்வு எல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஹெட்டில் வால்வே கிடையாது, சம்படத்து மூடி மாதிரிதான். 1932-ல் ஃபோர்டு இதை 221 கியூபிக் இஞ்ச் கொள்ளளவு, 65 எச்.பி.யில் விட்டபோது அந்த விலைக்கு வேறு யாரும் வி8 தரவில்லை. பழசானதும் காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தது. பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எய்த் ஓவர் என்றால் சிலிண்டரை நம் கணக்கில் ஒரு நூல் (1/8 இஞ்ச்) பெரிதாக்கு என்று அர்த்தம். நாம் இருபது தவ் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), முப்பது தவ் என்று பயந்து பயந்து எடுப்போமே, இவர்கள் ஒரே மூச்சில் 125 தவ்! 3 3/16 இஞ்ச் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 3 5/16 ஆகும். மெர்க் கிராங்க் என்பது மெர்குரி காரின் கிராங்க், 4 இஞ்ச் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். ஃபோர்டு கிராங்க் 3 3/4 தான். இரண்டும் சேர்ந்தால் 239 கியூபிக் இஞ்ச் 276 ஆகிவிடுகிறது. போர்ட்டட் என்பது காற்றும் புகையும் போகும் வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது. ரிலீவ்டு என்பது வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக் மேல்தளத்தைக் கொஞ்சம் சுரண்டிக் காற்றுக்கு வழிவிடுவது. ஸ்டிக் என்றால் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். இஸ்கி, எட் இஸ்கெண்டேரியன் என்ற கேம் தயாரிப்பாளர் பேரின் சுருக்கம். 97 என்பது ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், அதன் தொண்டை அளவு 0.97 இஞ்ச். பிஸ்டனுக்கு ஸ்லக், எஞ்சினுக்கே மில்.

அந்த எஞ்சினைத் திறந்ததும் முதலில் நான் பார்த்தது விரிசல்தான். நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள், அப்படி ஒரு டிசைன். புகைவழி பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஜாக்கெட்டுக்கு நடுவே போகிறது. போதாததற்கு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வழி. சூடு ஏறாமல் என்ன செய்யும்? வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரைக்கும் முடி போல ஒரு கோடு ஓடும். காந்தம் வைத்து இரும்புப்பொடி தூவினால் பொடி அந்தக் கோட்டில் போய் வரிசையாக நிற்கும். வந்த பிளாக்கில் இரண்டு இடத்தில் நின்றது. ரேடியேட்டர் கொதித்துக் கக்கும் தண்ணீரைப் பிடிக்க முன்னால் ஒரு டப்பா கட்டுவார்கள். அதற்குப் பேர் 'ப்யூக் கேன்', வாந்தி டப்பா. கூச்சமே இல்லாமல் நாலு பேர் முன்னால் சொல்கிறார்கள்.

எஞ்சின்களுக்கு மிருகப் பேரும் உண்டு. 1955-ல் வந்த ஷெவர்லே சின்ன வி8 'மவுஸ்', சுண்டெலி. 1965-ல் வந்த 396 கியூபிக் இஞ்ச் பெரிய ஷெவர்லே 'ரேட்', எலி. கிரைஸ்லரின் 426 ஹெமி (எரி அறை அரைக்கோள வடிவம்) 'எலிஃபன்ட்', யானை. அதன் உருவத்தையும் எடையையும் பார்த்தால் பேர் ஏன் என்று கேட்கத் தோன்றாது. அந்த யானை 1964-ல் டேடோனா 500 பந்தயத்தில் இறங்கி முதல் மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போனது. 1953 ப்யூக் வி8-க்கு மட்டும் 'நெயில்ஹெட்'. ஹெட்டைக் கழற்றினால் சின்னச் சின்ன வால்வுகள் ஆணி அடித்த மாதிரி நேராக நிற்கின்றன. இந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பானர் பிடித்தவன்தான் வைத்திருக்க முடியும், கம்பெனி ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு இது தோன்றாது.

நீங்கள் ரசிக்கக்கூடியது 'ஜிம்மி'. ஜெனரல் மோட்டார்ஸின் லாரிப் பேரான ஜி.எம்.சி. என்பதை வேகமாகச் சொன்னால் வரும் பேர். ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 டீசல், சிலிண்டர் ஆறு, ஒவ்வொன்றும் 71 கியூபிக் இஞ்ச். டூ ஸ்ட்ரோக் டீசல் என்பதால் தானாகக் காற்றை இழுக்காது, பக்கத்தில் ஒரு ப்ளோயர் ஓடிக் காற்றைத் தள்ளவேண்டும். லாரி, பஸ், போரில் படை இறக்கிய படகு எல்லாவற்றிலும் அந்த எஞ்சின் ஓடியது. இந்த ஹாட் ராட் ஆட்கள் ப்ளோயரை மட்டும் கழற்றிப் பெட்ரோல் வி8 தலைமேல் வைத்துவிட்டார்கள்! பானட்டைத் துளைத்துக்கொண்டு அது வெளியே நிற்கும். 'ஹஃபர்' என்றும் சொல்வார்கள், மூச்சு வாங்குகிறதாம். போர் மிச்சத்தில் இன்னொரு கூத்து: சண்டை விமானத்தின் வயிற்றில் தொங்கும் பெட்ரோல் டேங்க். 1946-ல் பில் பர்க் என்பவர் அதை உடம்பாக வைத்துச் சக்கரம் மாட்டி ஏரியில் ஓட்டினார். அந்த வகைக்கே 'பெல்லி டேங்க்' என்று பேர் நிலைத்துவிட்டது.

இவ்வளவு பேர் எதற்கு என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரே வண்டியில் நாலு வண்டிச் சாமான் இருக்கும். சேஸிஸ் 1932, பிரேக் 1940, கியர் பாக்ஸ் 1939, அதற்குள் பல்சக்கரம் லிங்கன் ஸெஃபிர். பார்ட் நம்பர் சொல்லி என்ன பிரயோசனம்? 'ஸெஃபிர் கியர்' என்றால் எந்த வண்டியை உடைத்து எடுக்கவேண்டும் என்பது பேரிலேயே இருக்கிறது. ஃபோர்டு 1939-ல்தான் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது, அதுவரை ராடு இழுக்கும் பிரேக். அதனால் ஹைட்ராலிக்குக்கு 'ஜூஸ் பிரேக்'. 1932 மாடலுக்கே 'டியூஸ்', சீட்டுக்கட்டில் இரண்டு. அம்பாசடரில் ஸ்டியரிங் பக்கத்தில் கியர் கம்பி இருக்குமே, அது இங்கே மூன்று கியரோடு 'த்ரீ ஆன் த ட்ரீ'. பின்பக்கம் கீல் வைத்த கதவு 'சூசைட் டோர்'. ஓடும்போது தாழ்ப்பாள் விட்டால் காற்று அடித்துத் திறந்துவிடும். டிஃபரன்ஷியல் 'பம்ப்கின்', பூசணிக்காய். வடிவத்தைப் பாருங்கள், சரிதான்.

ஒன்று மட்டும் எனக்கு எரிச்சல். இப்போது 1932 பாடியைப் புதுத் தகட்டிலேயே செய்து விற்கிறார்கள், ஃபைபரிலும் கிடைக்கிறது. பணம் கொடுத்து முழு வண்டியையும் வாங்கி வருகிறவர்கள்தான் பட்டறைக்குள் நுழைந்ததும் ஸ்டிக், ஸ்லக் என்று அடுக்குகிறார்கள். பிளக்கைக் கழற்றத் தெரியாது. எண்பது வயதுத் தாத்தா வந்தால் எஞ்சினைத் தட்டிப் பார்த்து "தண்ணி குடிக்குதா?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். பில் வரும்போது முதலாமவர் பேரம் பேசமாட்டார், தாத்தா பேசுவார். எனக்கு இரண்டும் சம்பளம்தான்.

சித்தப்பா, முக்கியமான விஷயம். பிளாக் மேல் நேராக உட்காரவைத்துப் போர் எடுக்கும் அந்தப் பழைய போரிங் பாரைக் காயலானுக்குப் போடப்போவதாகத் தம்பி சொன்னான். போடவேண்டாம். இங்கே வான் நார்மன் என்று அதே வகை மெஷினில்தான் நான் தினமும் வேலை செய்கிறேன், பிளாக்கைக் கழற்றி வைக்க இடமில்லாத பட்டறைக்கு அதைவிட நல்லது இல்லை. கட்டர் தேய்ந்திருந்தால் அளவு எழுதி அனுப்புங்கள், இங்கே பார்க்கிறேன். மெஷினின் பெயர்த் தகட்டையும் தம்பியை விட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சித்திக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதம் அனுப்பிய பணத்தில் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஷெட் கூரையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்