வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

கடைசி டிக்கெட்டுக்குரிய பணத்தையும் நேற்று மாலை திருப்பிக் கொடுத்து முடித்துவிட்டோம். கொப்பியில் அந்த இலக்கத்தின் மேல் சிவப்புப் பேனையால் கோடு இழுத்தபோது என் கணவரின் கை நடுங்கியது. கோடு இழுத்துவிட்டுக் கொப்பியை மூடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நித்திரை வரவில்லை. எழுந்து இதை எழுதுகிறேன்.

அந்த மழை இரவில் மைதானத்தில் வயலின் நிகழ்ச்சி நடக்காமல் போனதும், அதன்பிறகு ஏற்பாட்டாளர் தொலைபேசியை எடுக்காததும் மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் டிக்கெட் விற்பவரின் மனைவி. நன்றி சொல்ல மட்டும் வந்திருக்கிறேன்.

18 வருடமாக இவருக்கு இதுதான் தொழில். இசை நிகழ்ச்சியோ நாடகமோ, எது வந்தாலும் புளியந்தீவில் ஒரு கடை வாசலில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். அச்சகத்திலிருந்து டிக்கெட் கட்டுகளைச் சுமந்து மாநகர சபைக்குப் போய், களியாட்ட வரிக்காக முத்திரை குத்தி வாங்கி வருவார். நிகழ்ச்சி முடிந்ததும் விற்காதவற்றையும் அடிக்கட்டைகளையும் எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். எங்கள் மூத்தவள் கூட்டல் கழித்தல் பழகியது பழைய அடிக்கட்டைகளின் பின்பக்கத்தில்தான். நூற்றுக்குப் பத்து ரூபாய் தரகு. அதில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. இத்தனை வருடத்தில் ஒரு நிகழ்ச்சியைக்கூட நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அவர் மைதான வாசலில் நிற்பார். நான் கல்லடியில் எங்கள் வாசற்படியில் இருப்பேன். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாவியைத் தாண்டிப் பாட்டு வரும். “கைதட்டுகிறார்கள், இனி அப்பா வந்துவிடுவார்” என்று பிள்ளையிடம் சொல்வேன்.

டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு ஏற்பாட்டாளர் யாரென்று தெரியாது. இவருடைய முகத்தைத்தான் தெரியும். அந்த முகத்தை நம்பித்தான் காசை நீட்டுகிறார்கள். ஆகவே எல்லோரும் எங்கள் படலைக்கு வந்தது நியாயம். அன்றும் நான் அதைத் தவறென்று நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் அது. இவர் ஏற்பாட்டாளரைத் தேடிக் கொழும்பில் வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் மேசை போட்டேன். மாமி டிக்கெட் இலக்கங்களை வாசித்துக் கொப்பியில் குறிக்க, நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பெட்டியில் இருந்தது என் காப்பை அடகு வைத்த பணம். அது எல்லோருக்கும் போதாது என்று எனக்கும் தெரியும், வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ளத் தொடங்கினார்கள். ஒரு தம்பி மேசையில் ஓங்கி அடித்தார்.

அப்போதுதான் வரிசையின் நடுவிலிருந்து அந்த அக்கா வந்தார். கறுப்புக் குடை, கையில் ஒரு துணிப்பை. வந்ததும் என்னைத்தான் ஏசினார். “நான் மண்டூரிலிருந்து வந்திருக்கிறேன் தங்கச்சி. குருமண்வெளியில் பாதைப் படகு போய்விட்டால் நான் ஆற்றை எப்படிக் கடப்பது? படுவான்கரை ஆட்கள் என்றால் உங்களுக்கு இளக்காரமா?” மகளுக்காக இரண்டு டிக்கெட் வாங்கியதாகச் சொன்னார். வயலினை ரேடியோவில் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையாம். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். சொல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏணைத் தொட்டிலில் கிடந்த சின்னவன் வீரிட்டு அழுதான். அவனுக்கு அப்போது ஐந்து மாதம். நான் எழுந்தால் பணப்பெட்டி, மாமி எழுந்தால் கொப்பி. மூத்தவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார், ஏணையைப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் தட்டியபடி, வரிசையின் ஓரமாகவே படலைவரை போவதும் வருவதுமாக நடந்தார். யாராவது குரலை உயர்த்தினால் அவர்கள் முன்னால் போய் நின்று உதட்டில் விரலை வைத்தார். மேசையில் அடித்த தம்பி பேச்சைப் பாதியில் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் என் முற்றத்தில் நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள், ஆனால் மாமி இலக்கம் வாசிப்பது படலைவரை கேட்டது. மண்டூரில் முருகனுக்குப் பூசகர் தன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். “அந்த ஊர்க்காரியல்லவா” என்று மாமி இரவு சொல்லிச் சொல்லி அழுதார்.

சத்தம் அடங்கிய பிறகு வேறொன்றும் நடந்தது. “நாங்கள் டவுன்காரர்தானே, அடுத்த கிழமை வருகிறோம், தூரத்து ஆட்களுக்கு முதலில் கொடுங்கள்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் பலர் திரும்பிப் போனார்கள். பெட்டியில் இருந்தது அன்றைக்குப் போதுமாயிற்று. அக்காவை மூன்று தடவை கூப்பிட்டேன். “இப்போதுதான் கண் அயர்கிறான், நீ அடுத்தவரைப் பார்” என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டார். பாதை போய்விடும் என்று சண்டைக்கு வந்தவர், வெயில் தாழும்வரை என் பிள்ளையைக் கீழே வைக்கவில்லை.

கடைசியாகத்தான் 3,000 ரூபாயை வாங்கினார். எண்ணிப் பார்த்தார். அதிலிருந்து 100 ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்தவனுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “முதல் முதல் பார்க்கும் பிள்ளையை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது” என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு ஆற்றைக் கடந்தாரா, இந்தப் பக்கம் எழுவான்கரையில் யார் வீட்டிலாவது தங்கினாரா, எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கொப்பியில் இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கின்றன.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒரு துண்டுக் கடதாசியில்கூடக் கையெழுத்துக் கேட்காமல் பணத்தைத் தந்துவிட்டு “அல்லாஹ் போதுமானவன்” என்று சொல்லிப் போன காத்தான்குடி நானா, தங்கள் சம்பளத்தைக் கேட்காத நம்மூர் வாத்தியக்காரர்கள், முத்திரைக் கணக்கை இருந்து சரிபார்த்துத் தந்த மாநகர சபைத் தம்பி, கதிரைகளுக்கு வாடகை வேண்டாம் என்றவர், ஒரு கிழமையாக எங்கள் மூத்தவளைப் பாடசாலைக்குக் கூட்டிப் போய் வந்த ஓட்டோ அண்ணன், சோறும் மீன்குழம்பும் வேலிக்கு மேலால் நீட்டிய பக்கத்து வளவுகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொழும்பில் இவரைத் தன் அறையில் படுக்க வைத்த ஏறாவூர்ப் பையனுக்கும்.

இனி, நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஈட்டுப் பணத்தை முதலில் வங்கியில் போட்டுக் காட்டாமல் இவர் ஒரு டிக்கெட்டும் விற்கமாட்டார். இதை எங்கள் இரண்டு பிள்ளைகளின் தலைமேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். அதனால் வேலை குறையலாம். குறையட்டும். டிக்கெட்டின் விலையைத்தான் நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். மண்டூரிலிருந்து ஆறு கடந்து, பஸ் ஏறி, நல்ல சட்டை போட்டு வந்து, நனைந்து திரும்பிய அந்தப் பிள்ளையின் மாலைப் பொழுதை நாங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. வயலின் வாசிக்கும் அடுத்த நிகழ்ச்சியில் முன்வரிசையில் இரண்டு இடம் அவர்களுக்கு இருக்கும். இலவசச் சீட்டு அல்ல. எங்கள் கைக்காசில் வாங்கி, இவரே கொண்டுவந்து தருவார்.

அந்த 100 ரூபாயை நான் செலவழிக்கவில்லை. உங்கள் இரண்டு டிக்கெட்டுகளோடு சேர்த்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் அக்கா. மண்டூர்த் திருவிழாவுக்கு நாங்கள் நான்கு பேரும் மாமியும் பாதையில் வருகிறோம். கோயில் வாசலில் கறுப்புக் குடையைத் தேடுவேன். அதற்கு முன் இதை வாசிக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது அவரைக் கண்டால், பிள்ளைக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது என்று சொல்லுங்கள்.