ஆய்வுகூடப் புரதக் குப்பி ஊசி மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்து இளைஞர் ஒருவர், உடலைத் தேற்றுவதற்கென உடற்பயிற்சி நிலையமொன்றில் வாங்கிய சிறு கண்ணாடிக் குப்பியொன்றை அண்மையில் என்னிடம் காட்டினார். மீள்சேர்க்கை முறையில் ஆக்கப்பட்ட மனித வளர்ச்சி ஹோர்மோன் என்று அதன் லேபலில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே, மிகச் சிறிய எழுத்தில், ஆய்வுகூட ஆராய்ச்சிக்கு மட்டும் என்றும் இருந்தது. முதல் வரியை அவருக்கு வாசித்துக் காட்டியவர்கள் இரண்டாவது வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கண்டி மாவட்டத்தில் ஆய்வுகூடமொன்றில் இத்தகைய குப்பிகளை அன்றாடம் கையாள்பவன் என்ற முறையில், இது பற்றித் தங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டிய கடமை எனக்குண்டு.

மனிதப் பரம்பரையலகு ஒன்றைப் பிளாஸ்மிட் எனும் வளைய டி.என்.ஏ.யில் பொருத்தி ஈ.கோலை பக்டீரியாவினுள் செலுத்தினால், அந்தப் பக்டீரியா தான் பெருகும்போதே அந்த மனிதப் புரதத்தையும் ஆக்கித் தருகிறது. இதுவே மீள்சேர்க்கை முறை; இன்சுலினும் வளர்ச்சி ஹோர்மோனும் இத்தகைய புரதங்களே. மனித இன்சுலின் 1978 இல் இவ்வாறு ஆக்கப்பட்டு, 1982 இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. வளர்ச்சி ஹோர்மோன் முன்னர் இறந்தோரின் கபச்சுரப்பியிலிருந்தே எடுக்கப்பட்டது. அதனை ஏற்றிக்கொண்ட சிலருக்கு மூளையைச் சிதைக்கும் குரொய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் வந்ததால், 1985 இல் அமெரிக்காவில் அம்முறை நிறுத்தப்பட்டு, மீள்சேர்க்கை முறையில் ஆக்கிய ஹோர்மோன் அதே ஆண்டில் அனுமதி பெற்றது. எனவே இத்தொழினுட்பத்தை நான் குறை கூறவில்லை. எத்தனையோ உயிர்களைக் காத்த தொழினுட்பம் இது. ஆனால் மருந்துக்கென ஆக்கப்படும் புரதமும் ஆராய்ச்சிக்கென ஆக்கப்படும் புரதமும் பெயரால் ஒன்றாயினும் தரத்தால் ஒன்றல்ல.

அந்த லேபலில் தூய்மை 95 சதவீதம் என்றிருந்ததை இளைஞர் பெரிய உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார். அந்த அளவை நாங்கள் பெறுவது, மாதிரியை ஜெல்லில் மின்னோட்டம் செலுத்திப் பிரித்து, சாயமேற்றிப் பார்க்கும் சோதனையிலிருந்தாகும். அச்சாயத்தில் புரதம் மட்டுமே தெரியும். ஈ.கோலையின் புறமென்சவ்விலிருந்து வரும் அகநச்சு எனும் நச்சுப்பொருள் புரதமன்று. ஆகவே அது அங்கே தெரியாது. இந்த அகநச்சு இரத்தத்தில் கலந்தால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். அளவு மிகுந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். நீரைக் கொதிக்க வைப்பதால் அது அழிவதில்லை. பக்டீரியாவைத் தடுக்கும் நுண்வடியும் அதனைத் தடுப்பதில்லை. ஒரு மைக்குரோகிராமுக்கு 1 அகநச்சு அலகிலும் குறைவு என்பது ஆராய்ச்சிப் புரதங்களில் நல்ல தரமாகவே கருதப்படுகிறது, ஏனெனில் ஆய்வில் நாங்கள் பயன்படுத்துவது மிகச் சிறிய அளவே. அதே புரதத்தை 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்குரோகிராம், ஊசியாக ஏற்றினால், ஏறத்தாழ 1000 அலகுகள் வரை ஒரே நேரத்தில் உடலுள் செல்லக்கூடும். ஊசி மருந்துகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட எல்லையோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்திற்கு 5 அலகுகள். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 அலகுகள்.

சேமிப்பும் கவலைக்குரியதே. உறைய வைத்து உலர்த்திய இத்தூளை நாங்கள் சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியஸில் வைத்திருந்து, கரைத்த பின் சிறு பங்குகளாகப் பிரித்து மீண்டும் உறைய வைக்கிறோம். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் கெட்டுத் திரண்டுவிடும். சட்டைப்பையில் பஸ்ஸில் வந்து, மின்வெட்டுக்கு இடையே வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த குப்பியின் நிலை என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு திரண்ட புரதத்தை உடல் அந்நியமெனக் கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்கினால், அவை உடலின் சொந்த ஹோர்மோனையும் தாக்கக்கூடும்.

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் பிரதேச சுகாதார அதிகாரிகளும் மலையக நகரங்களில் நடக்கும் இவ்விற்பனையைச் சோதனையிட வேண்டும். எங்களைப் போன்ற ஆய்வுகூடங்களும் காலாவதியான குப்பிகளைக் கணக்கில் பதிந்து, கண்முன்னே அழிக்க வேண்டும்; குப்பைத் தொட்டியில் போடும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். தங்கள் பத்திரிகை இதனைத் தோட்டப்புற வாசகர்களுக்குப் புரியும் விதத்தில் தனிக் கட்டுரையாக வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

ஏற்கெனவே இத்தகைய ஊசியை ஏற்றிக்கொண்டவர்கள், காய்ச்சலோ நடுக்கமோ மயக்கமோ கண்டால் மறைக்காமல், லேபலுடன் அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எது உடலுள் சென்றது என்று தெரிந்தால்தான் வைத்தியரால் விரைந்து சிகிச்சையளிக்க முடியும்.

இப்படிக்கு,
ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
ஹட்டன்.