உப்புக்காற்றுக்கு ஏற்ற வீட்டு அலங்காரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவு விடுதிகளைப் போல வீட்டின் உட்புறத்தை அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாலித் தீவின் படங்கள் கண்ணைக் கவர்ந்தன. சுற்றியிருக்கும் இயற்கை வீட்டுக்குள்ளும் தெரிய வேண்டும் என்ற விருப்பத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, கடலூர் முதுநகரில் வசித்துவரும் எனக்கு, அந்தக் கட்டுரையை நம்பி இந்தக் கரையோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன பாடுபடுவார்கள் என்பது தெரியும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். வெப்பமண்டலக் கடற்கரைக்கு ஏற்ற வீட்டை அமைக்க வேண்டிய பொருளும் முறையும் கடலூர், புதுச்சேரிப் பகுதியிலேயே இருக்கின்றன என்பதும், அவற்றை விட்டுவிட்டுத் தீவின் தோற்றத்தை மட்டும் விலைக்கு வாங்குகிறோம் என்பதும்தான் நான் சொல்ல வந்தது.

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி என் உறவினர் ஒருவர் வீடு கட்டினார். அலங்கார வேலையை ஒப்பந்தம் எடுத்தவர்கள் வாழையிலை அச்சிட்ட சுவர்த்தாள், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் அலமாரிகள், அங்கங்கே பிளாஸ்டிக் பனையோலை என்று செய்துகொடுத்தார்கள். மழைக்காலம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது அலமாரிக் கதவுகளின் அடிவிளிம்பு ஊறித் தடித்து, மேலே ஒட்டியிருந்த லேமினேட் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது. கதவைத் திறந்தால் கீலிலிருந்து துருத்தூள் உதிர்ந்தது. சுவர்த்தாளின் ஓரத்தைச் சற்றே நிமிண்டிப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் கரும்பூசணம் படர்ந்திருந்தது. இது அந்த வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கடற்காற்றோடு வரும் உப்பு, படிந்த இடத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. சுவர் ஈரத்தை வெளியே விட முடியாதபடி தாளாலோ பிளாஸ்டிக் பெயின்டாலோ மூடிவிட்டால், உள்ளே தங்கும் ஈரத்தில் பூசணம் வளராமல் என்ன செய்யும்? சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெயிலில் திருப்பி விட்டுவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைப் பதப்படுத்திப் பூசிய நம் பழைய சுவர்கள் கடலுக்கு அருகிலேயே தலைமுறை கடந்து நிற்பதற்குக் காரணம் அதுதான்.

கீல், திருகு விஷயத்தில் கடைக்காரர் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்’ என்று சொன்னால் அதோடு நின்றுவிடக் கூடாது. எந்தத் தரம் என்று கேட்க வேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் 304 தரம் கடலோரத்தில் பழுப்புக் கறை ஏறி, புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 தரமோ பித்தளையோ தாக்குப்பிடிக்கும். பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். தங்கள் கட்டுரையில் வண்ணங்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் ஒதுக்கிய இடத்தில் ஒரு பத்தி இதற்குக் கிடைத்திருக்கலாம்.

இனி வெயிலும் காற்றும். கடலூர் ஏறக்குறைய 11 பாகை 45 கலை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சற்றே வடக்குப் பக்கத்தில் நின்று காய்கிறது. வடக்கு ஜன்னலில் வெயில் படாது என்று வடநாட்டு நகரங்களுக்காக எழுதப்பட்ட அறிவுரையை நம்பி இங்கே வடக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைத்தால், உச்சக் கோடையில் வெயில் உள்ளே இறங்கும். இரண்டு பக்கமும் நிழல் வேண்டும். இரண்டு பக்கமும் காற்று புக வழி வேண்டும். இதை நன்றாகப் புரிந்துகொண்டு கட்டப்பட்ட கட்டடம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, பிற்காலத்தில் மர மேசை நாற்காலிகளுக்காக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து உருவான கோல்கொண்ட் விடுதியைச் சொல்கிறேன். அதன் நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. அந்த முகப்புகளில் ஜன்னல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கையால் திருப்பிக்கொள்ளக்கூடிய கிடைமட்டப் பலகைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மழைச்சாரல் அடித்தால் சாய்த்துக்கொள்ளலாம், காற்று வேண்டும்போது திறந்துவிடலாம். அறைக்கும் நடைக்கும் இடையே உள்ள நகரும் தேக்குக் கதவுகளிலும் இடைவெளி விட்டுச் சட்டம் கோத்திருப்பதால், கதவைச் சாத்தினாலும் காற்று நிற்பதில்லை. உள்ளே அலங்காரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அளவான மரச்சாமான்கள், வழுவழுப்பான சுவர், கல் தரை, பலகைகளின் வழியே வடிந்து வரும் வெளிச்சம் அவ்வளவுதான். கட்டடக் கலை பயிலும் மாணவர்கள் வெளிநாடுகளிலிருந்து அதைக் காண வருகிறார்கள். பக்கத்து ஊர்களில் வீடு கட்டும் நாம் அது இருப்பதையே அறியாமல் இருக்கிறோம்.

பாலிப் பாணி என்று இன்று உலகெங்கும் பரவியிருப்பதன் வரலாற்றிலும் நமக்குப் பங்கு உண்டு. இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் பாலியின் சனூர் கடற்கரையில் பதுஜிம்பார் குடில்களை வடிவமைத்தார். பின்னால் வந்த விடுதிகள் பலவற்றுக்கு அவருடைய வழி முன்மாதிரியாயிற்று. அவர் கொழும்பில் தமக்காக அமைத்துக்கொண்ட வீட்டின் முற்றத்தில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. திறந்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், இருண்ட குளிர்ந்த நடையைக் கடந்ததும் விரியும் வெளிச்சம் ஆகியவை எல்லாம் நம் பாட்டன்மார் வீடுகளில் புழங்கியவை. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் தெருவோரத் திண்ணையும், அதற்கு மேல் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. வைசியாள் வீதியில் அத்தகைய முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருது பெற்ற அந்தத் தாழ்வாரத்தைப் புதிய வீட்டின் வரைபடத்தில் கேட்கிறவர்களை நான் அதிகம் காணவில்லை.

மரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளின் மக்கள் தாழை இனத்து ஓலையில் பாய் முடைகிறார்கள். பூவரச மரத்தில் கிண்ணங்கள் கடைகிறார்கள். புன்னை மரத்தையும் அப்படியே பயன்படுத்துகிறார்கள். இம்மூன்றும் தாழங்குடா தொடங்கிப் பரங்கிப்பேட்டை வரை நம் வேலிகளிலும் மணல் மேடுகளிலும் நிற்கின்றன. கடல் நீரில் மிதந்து பரவக்கூடிய விதைகள் என்பதால் அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் இவை பொதுவாயின. பூவரசு வைரம் பாய்ந்தால் கருஞ்சிவப்பும் பழுப்புமாக வரியோடு இருக்கும். நம் ஊரில் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் அதைத்தான் தேடினார்கள். அதில் ஒரு சாய்மணையோ நாற்காலியோ செய்து போட்டால் எந்தத் தீவு விடுதியின் சாமானுக்கும் குறையாது. பண்ருட்டிப் பலா மரத்தின் மஞ்சள் நிறம் நாளாக ஆகத் தேன் நிறத்துக்கு முதிர்வதை நான் என் வீட்டு நிலைக்கதவிலேயே பார்த்து வருகிறேன்.

மரத்துக்கு வார்னிஷ் மட்டும் போதாது. முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயை நம் மீனவர்கள் மரப்படகுகளுக்குப் பூசிவந்தார்கள். கூரைக்குப் போடும் பனங்கைகளுக்கும் அதைத் தடவுவது வழக்கம். கையில் பட்டால் கொப்புளம் போடும் அளவுக்குக் காரமான அந்த எண்ணெயை மரத்தில் ஏற்றிவிட்டால் கரையான் அண்டாது, ஈரமும் எளிதில் இறங்காது. முந்திரி விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் அதை மறந்துவருவது எனக்கு வருத்தம் தருகிறது. அதன் வாடை அடங்கும் வரை ஆறப்போட வேண்டும் என்பதால், அறைக்குள் இருக்கும் சாமானைவிட வெளித் தாழ்வாரத்துச் சட்டங்களுக்கே அது பொருத்தம்.

வெட்டிவேரைச் சொல்லாமல் விட முடியாது. நொச்சிக்காடு போன்ற கடலூர்க் கரையோரக் கிராமங்களின் மணற்பாங்கான நிலத்தில் வெட்டிவேர் பயிராகிறது. ஏறக்குறைய ஓராண்டு வளர்த்து, மண்ணை ஆழத் தோண்டி வேரை எடுக்கிறார்கள். அதை மூங்கில் சட்டத்தில் கட்டித் தட்டியாக்கி, ஜன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால் அறை குளிரும், மணக்கவும் செய்யும். ஆனால் எந்த ஜன்னலில் தொங்கவிட வேண்டும் என்பது முக்கியம். அக்னி நட்சத்திர நாள்களில் முற்பகலில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வறண்டது. அது ஈரத் தட்டியின் வழியே வரும்போது நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பிற்பகலில் கடற்காற்று திரும்பியபின் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தட்டி பயன் தராது. ஆகவே மேற்கு ஜன்னலுக்குத் தட்டி, கிழக்கு ஜன்னலுக்குத் திறந்த வழி என்று அமைத்துக்கொள்வதே சரி. இவ்வளவு நுட்பமான, அழகான, உள்ளூர் விவசாயிக்கு வருமானம் தரும் பொருளை விட்டுவிட்டு, சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் இலையை எங்கிருந்தோ வரவழைக்கிறோம்.

பாலியின் கூரையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் புயல். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள பாலியைப் புயல் தாக்குவது அரிது. நம் நிலைமை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்ததையும், ஓடுகளையும் தகரங்களையும் தூக்கி எறிந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அகன்று நீண்ட கூரை விளிம்பின் கீழ் காற்று புகுந்தால் கூரையையே தூக்கும். எனவே தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே சட்டத்தில் நீட்டாமல் தனியே நிறுத்த வேண்டும். அப்போது போனாலும் அது மட்டும் போகும், வீடு நிற்கும். சுவரே இல்லாத திறந்த மண்டபத்தில் படுக்கை போடும் படங்கள் நமக்கு உதவா.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. தரையோடு தரையாகப் பதித்த அலமாரிகளும் மெத்தைக் கட்டில்களும் குப்பைக்குப் போயின; கால் வைத்த மரப்பெஞ்சுகளும் கயிற்றுக் கட்டில்களும் கழுவிக் காயவைத்த பின் மீண்டும் வீட்டுக்குள் வந்தன. பரணும் மாடக்குழியும் உயரத்தில் இருந்ததற்கும் பயன் உண்டு என்பதை அந்த வாரம் பலர் உணர்ந்திருப்பார்கள்.

உண்மையிலேயே தீவில் வாழ்ந்தவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். கிள்ளைக்கு அருகே, பிச்சாவரம் உப்பங்கழிக்கு அப்பால் எம்.ஜி.ஆர். திட்டில் இருந்த மீனவக் குடும்பங்கள் 2004 சுனாமியில் பலரை இழந்து கரைப்பக்கம் குடிபெயர்ந்தன. சுனாமிக்குப் பின் நம் கரை நெடுகக் கட்டித்தரப்பட்ட கான்கிரீட் வீடுகள் பாதுகாப்பானவை. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் பகலில் சூடேறிய தளம் இரவு வரை அனல் வீசுவதால், பல வீடுகளின் வாசலில் மக்கள் தாமே கீற்றுப் பந்தல் போட்டு, வலை பின்னுவதையும் குழந்தையைத் தூங்க வைப்பதையும் அதன் கீழே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த வடிவமைப்பாளரும் வரைந்து கொடுக்காத அந்தப் பந்தலைத்தான் நான் இப்பகுதியின் சிறந்த உள் அலங்காரம் என்பேன். அரசு வீட்டுத் திட்டங்களின் மாதிரி வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கி, காற்றுக்கு அசையாத கம்பமும் கொக்கியும் பதித்துக் கொடுத்தால் பெரிய செலவாகாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் இதே பொருளில் இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டும். அதற்குக் கோல்கொண்ட் விடுதியின் படங்களோடு, சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள், வில்லியனூரில் சுடுமண் வேலை செய்வோர், வெட்டிவேர் பயிரிடுவோர், பூவரசிலும் பலாவிலும் இழைக்கத் தெரிந்த தச்சர்கள் ஆகியோரின் அனுபவங்களையும் கேட்டு எழுத வேண்டும். சுண்ணாம்பை அரைத்துப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். கடலூர், புதுச்சேரித் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக் கல்லூரிகளும் அவர்களை அழைத்து மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தும்படித் தங்கள் தலையங்கத்தில் வலியுறுத்தினால், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அதைத் தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கடலூர் முதுநகர்.