ஐந்து பேர் கணக்கு

ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட ஆணையத்தின் தலைவர் நீதியரசர் கே.என். பாஷா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

"கொலைக்குத்தான் ஏற்கெனவே தண்டனை இருக்கே, இதுக்கு எதுக்குத் தனிச்சட்டம்?" டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரை இதே கேள்விதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு சாதியின் பெயரால் நடக்கும் கொலையைத் தனியாகத்தான் பார்க்கிறது. ஆனால் ஐந்து பேராவது சேர்ந்து கொன்றிருக்க வேண்டும். ஆணவக் கொலையில் பல நேரம் அரிவாள் ஒரே கையில்தான் இருக்கும். "இன்னுமா விட்டு வெச்சிருக்க?" என்று அந்தக் கையை மாதக்கணக்கில் உசுப்பியவர்கள் இந்த ஐந்தில் வருவதில்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மற்றவர்களிடமிருந்து காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வலுவானதுதான். ஆனால் இரு தரப்பும் பிற்படுத்தப்பட்ட சாதிகள் என்றாலோ, பட்டியல் சாதிகளுக்குள்ளேயே நடந்தாலோ அது பொருந்தாது.

நான் அதிகம் பேச விரும்புவது கொலைக்கு முந்தைய நாட்களைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பனின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கோயிலில் தாலி கட்டி, பதிவையும் முடித்து, மாலையும் கழுத்துமாகப் பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையம் போனோம். மனுவை வாங்கிய அதிகாரி முதல் வேலையாகப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் வாசலில் மூன்று கார்கள். "மேஜர் பொண்ணு, அவ இஷ்டம்" என்று சொல்ல வேண்டியவர், "அப்பா கால்ல விழும்மா" என்றார். சாயங்காலம் வரை பஞ்சாயத்து. அவள் மசியவில்லை. கடைசியில் கம்மல், வளையல், கொலுசு எல்லாவற்றையும் அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி அதற்கும் சாட்சி!

2018-இல் சக்தி வாகினி என்ற தொண்டு நிறுவனம் ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் உத்தரவிட்டது. தவறும் அதிகாரி மீது துறை நடவடிக்கை என்றும் சொன்னது. துறை நடவடிக்கை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? கடலூர் மாவட்டம் புதுக்கூரைப்பேட்டையில் 2003-இல் ஒரு இளம் தம்பதியை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது. தண்டனை பெற்றவர்களில் காவல் துறையினரும் இருந்தார்கள். ஆகவே புகார் மீது நடவடிக்கை எடுக்காமல் வீட்டாருக்குத் தகவல் சொல்வதையே குற்றமாக எழுதுங்கள். மிரட்டலையும், ஊர்கூடித் தள்ளிவைப்பதையும் கொலை வரை காத்திருக்காமல் தண்டிக்க வழி செய்யுங்கள். சட்ட ஆணையம் 2012-இலேயே இதற்கொரு வரைவு கொடுத்திருக்கிறது.

என் நண்பனும் அவன் மனைவியும் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார்கள். குழந்தைக்கு இரண்டு வயது. ரேஷன் கார்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. முகவரி எப்படியாவது ஊருக்குத் தெரிந்துவிடுமாம்.

இப்படிக்கு,
அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்