உடவத்தகலைக் காட்டின் ஒதுக்குப்புறச் சரிவை வெட்டித் துப்புரவு செய்யாதிருக்கவும், அங்கு பரவும் அந்நிய நாற்றுகளை மட்டும் கையால் பிடுங்க அனுமதி வழங்கவும் கோரும் மனு

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கண்டி.

ஐயா / அம்மணி,

பாடசாலையில் 27 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது கண்டி நகரில் வசித்துவரும் நான், கிழமையில் இரண்டு நாளாவது உடவத்தகலைக் காட்டில் நடப்பவன். அங்கு நான் கண்ட ஒரு விடயத்தையும், அதன்பொருட்டு எனக்குள்ள ஒரு வேண்டுகோளையும் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதுகிறேன்.

ஸ்ரீ தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் மேட்டில் 104 ஹெக்டேயர் அளவில் பரந்திருக்கும் இக்காடு, கண்டி மன்னர் காலத்தில் அரண்மனைத் தோட்டமாக இருந்து, 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே அதை இங்கு நீட்டவில்லை.

வருகிறவர்களில் அநேகர் குளத்தையும் லேடி ஹோர்டன் பாதையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்பாதையை விட்டுச் சற்று விலகிய ஒரு சரிவில் ஆள் நடமாட்டம் அறவே இல்லை. ஒற்றையடித் தடத்தைப் புதர் மூடிவிட்டது; விழுந்த மரங்கள் விழுந்தபடியே பாசி பிடித்துக் கிடக்கின்றன; இரண்டு மரங்களுக்கிடையே புஸ்வெல் என்று சிங்களத்தில் சொல்லப்படும் மாபெரும் கொடி, ஆள் தொடையளவு பருமனில் முறுக்கிக்கொண்டு தொங்குகிறது. முதன்முறை அங்கு இறங்கியபோது, நகரத்துப் பேருந்துகளின் ஹோர்ன் சத்தம் ஒரு திருப்பத்தோடு அறுந்துபோனது என்னை வியக்க வைத்தது. மனிதன் கை படாத காடு இதுதான் என்று அன்று நான் நம்பினேன். ஆசிரியனாக இருந்தும் நான் செய்த பிழை அது.

பிறகொரு நாள் ஈரத்தில் கால் வழுக்கி அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்த பிறகுதான் தரையைச் சரியாகப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்த பச்சையெல்லாம் ஏறக்குறைய ஒரே செடியாக இருந்தது. தவறணையில் நாற்று வைத்தாற்போல் நெருக்கமாக நின்றதால், எண்ணத் தொடங்கிச் சிறிது நேரத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, ஊசியால் குத்தியும் கீறியும் விட்டாற்போல் ஒளி புகும் சிறு புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தன. அது மைரோசைலன் பல்சமம். சிங்களத்தில் கட்டகுமஞ்சல் என்பார்கள். பெரு பல்சம், டோலு பல்சம் எனப்படும் வாசனைப் பிசினைத் தரும் தென் அமெரிக்க மரமாகிய இது, இருமல் பாணிக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் பயன்பட்ட நல்ல மரந்தான். ஆனால் பிரித்தானியர் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்டுப் பின்னர் இக்காட்டில் தடையின்றிப் பெருகிவிட்டது. ஒரு முனையில் விதையும் மறுமுனையில் சிறகுமாக அமைந்த அதன் காய், தாய்மரத்தின் உச்சியிலிருந்து சுழன்று சுழன்று இறங்குவதை அங்கேயே பார்க்கலாம். அடர்ந்த நிழலிலும் முளைத்துத் தாக்குப்பிடிப்பதால், நம் நாட்டு மரக்கன்றுகளுக்குத் தரையில் இடமில்லாமற் போகிறது. பெரிய மரங்கள் சாயும் காலத்தில் அவற்றின் இடத்துக்கு வரப்போவது எது என்பதை இந்த நாற்றுக் கூட்டமே சொல்லிவிடுகிறது.

இந்நிலையில், நலன்விரும்பிகள் சிலர் சிரமதானம் ஒன்றை ஏற்பாடு செய்து, அச்சரிவையும் வெட்டித் துப்புரவாக்க விரும்புவதாக அறிகிறேன். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் கத்தியோடு இறங்கும் நூறு பேருக்குப் புஸ்வெல்லும் களைக்கொடியும் ஒன்றாகவே தெரியும். இலங்கைக்கே உரியதான, பழுப்புத் தொப்பி போட்டாற்போன்ற தலையுடைய சிலம்பன் குருவி, புதரடியில் சருகைக் கிளறித்தான் இரை தேடுகிறது. புதர் போனால் அதுவும் போய்விடும். மேலும், நாற்றைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டை மறுபடியும் துளிர்க்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை துளிர்ப்பதை வைத்துத்தானே எங்கள் பெற்றோர் எங்களை வளர்த்தார்கள்? மலைச்சரிவில் புல்பூண்டு இல்லாமல் வழித்தெடுத்த நிலத்தின் மேல்மண், ஒரு பெருமழையோடு வடிகானுக்குள் போய்ச் சேர்வதையும் சிறுவயதில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எனவே அச்சரிவில் வெட்டுவேலை எதுவும் நடைபெறாதவாறு உரிய திணைக்களங்களுக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டுமென்றும், அதற்குப் பதிலாக, மழை பெய்து மண் இளகியிருக்கும் காலத்தில் நான்கு சனிக்கிழமைக் காலைகளில், உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையில், உயர்தர வகுப்பு மாணவர் பதினைந்து பேரளவில் சென்று, முழங்கால் உயரத்துக்குட்பட்ட கட்டகுமஞ்சல் நாற்றுகளை மட்டும் வேரோடு கையால் பிடுங்க அனுமதி பெற்றுத்தர வேண்டுமென்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சரணாலயத்தில் அனுமதியின்றி ஒரு செடியைத் தொடுவதும் முறையல்ல என்பதால், நான் இதுவரை ஒரு நாற்றைக்கூடப் பிடுங்கவில்லை. கத்தி, மண்வெட்டி எதுவும் எடுத்துச்செல்ல மாட்டோம். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் பிடுங்கக்கூடாது என்பதை மாணவர்களுக்கு முதற்பாடமாக வைப்பேன். வளர்ந்த மரங்களைப் பற்றி இம்மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை. அவற்றை ஒரேயடியாக வெட்டித் திறந்துவிட்டால், விழும் வெயிலில் வேறு களைக்கொடிகள் மண்டக்கூடும். ஆகவே அது துறைசார்ந்தவர்கள் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியம்.

இதைத் தாங்களோ தங்கள் பிரதிநிதி ஒருவரோ நேரில் பார்வையிட விரும்பினால், எந்த நாளிலும் வழிகாட்டி அழைத்துச்செல்ல ஆயத்தமாக இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு முன் வருவது நல்லது. அட்டை அதிகமாகையால் காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கண்டி.

பிரதிகள்: வனவளப் பாதுகாப்புத் திணைக்களம், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்.