செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சித்தூர் தாலுகா கிழக்குப் பகுதி கிரிக்கெட் கிளப்புகளின் கூட்டமைப்பு (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கிளப்புகளின் சார்பாக வந்திருக்கும் கேப்டன்மார், மூத்த ஆட்டக்காரர்கள், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் நம் கிளப்புக் குடும்பங்களில் மறைந்தவர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துவோம்.

செயற்குழு விதிப்படி கூட்டப்பட்டது. பல கூட்டங்களில் முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாமல், வந்தவர்கள் பேசியதை மட்டும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மண் சரிந்து சூரல்மலையும் முண்டக்கையும் அழிந்ததால் ஓணத்துக்கு டோர்னமென்ட் வேண்டாம் என்று ஒரே மனதாக முடிவு செய்து, கோப்பைக்கு வைத்திருந்த பணத்தை முதல்வர் நிவாரண நிதிக்கு அனுப்பினோம். பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை உண்டு என்பதால் கோபாலபுரத்தில் நட்பு ஆட்டங்கள் நடந்தன. அம்பயர் வகுப்பு ஒன்று நடந்தது. அதற்கு மீனாட்சிபுரத்திலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளும் வந்து கடைசி வரை உட்கார்ந்து குறிப்பு எடுத்தார்கள். வயநாட்டு மின்னு மணி 2023-இல் இந்தியாவுக்கு ஆடியதைப் பார்த்து வந்த ஆர்வம் அது. நம் ஆண் கிளப்புகள் பலவற்றிலிருந்து ஒருவர்கூட அந்த வகுப்புக்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி முக்கிய விஷயம். கூட்டமைப்பு எதற்கு, இதனால் செயலாளருக்கு என்ன லாபம் என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டு என் வேலை முழுவதும் இதுவாகவே இருந்ததால் விரிவாகவே சொல்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை, இடையில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, ஒழலப்பதி என்று தென்னந்தோப்புக்கு நடுவே கொஞ்சம் தரிசு கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு கிளப் இருக்கிறது. ஒரு பெயர், ஒரு ஜெர்சி, ஒரு கிட் பை. அறுப்பு முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்காவது டோர்னமென்ட். ஆட்டத்துக்குக் குறைவில்லை. ஆட்டத்தை நடத்தும் முறைக்குத்தான் குறை. ஒரு ஊரில் ஆறு ஓவர், அடுத்த ஊரில் எட்டு. ஒரு இடத்தில் எல்பி (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் அவுட்) உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை. மாங்கா போடுகிறவனை, அதாவது முழங்கையை மடக்கி எறிகிறவனை, ஒரு அம்பயர் விடுவார், இன்னொருவர் நோ பால் கொடுப்பார். தகராறு வந்தால் 'கமிட்டி தீர்ப்பே இறுதியானது' என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கும். அந்தக் கமிட்டியின் டீமே செமி பைனலில் ஆடிக்கொண்டிருக்கும்.

இதைவிடக் கொடுமை கெஸ்ட் ஆட்டக்காரர் வழக்கம். கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் காசு கொடுத்து ஆள் இறக்குகிறோம். காலையில் ஒரு கிளப்புக்கு ஆடியவர் மாலையில் வேறு ஜெர்சியில் அடுத்த மைதானத்தில் நிற்கிறார். வருஷம் முழுக்க மேட் சுமந்து, ஸ்டம்ப் நட்டு, பந்து பொறுக்கிய உள்ளூர்ப் பையன் பைனல் அன்று வெளியே உட்கார்ந்து தண்ணீர் கொண்டு போகிறான். அடுத்த வருஷம் அவன் பிராக்டிஸுக்கு வருவதில்லை. பிறகு அவனை எங்கே பார்க்கிறோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இந்தக் கூட்டமைப்பு வேண்டியிருப்பது அந்தப் பையனுக்காக. நாம் வரைந்திருக்கும் விதிகளின் முதல் விதியே, ஒருவர் ஒரு பருவத்தில் ஒரே கிளப்புக்குத்தான் ஆடலாம் என்பது. பெயர், போட்டோ, வயதுச் சான்று கொடுத்துப் பதிவு செய்தவர் மட்டும் களத்தில் இறங்க வேண்டும். கெஸ்ட்டை அடியோடு தடுத்தால் டோர்னமென்ட்டுக்குக் கூட்டம் வராது என்று சில கிளப்புகள் சொன்னதால், ஒரு டீமுக்கு இருவர் வரை அனுமதித்து எழுதியிருக்கிறோம். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பெரும்பான்மை முடிவு அது.

விதிப் புத்தகம் வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்குச் சென்ற ஜூலையில் நடந்ததை நினைவூட்டுகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்று ஸ்டம்ப் மேல் வைக்கும் சிறு கட்டைகளான பெயில்ஸ் நிற்கவே இல்லை. கீப்பர் வைப்பதும் காற்று தள்ளுவதுமாக இருந்தது. ஒரு பந்தில் பேட்ஸ்மேனின் கால் ஸ்டம்பை உரசிப் பெயில் விழுந்தது என்று ஒரு கட்சி, காற்றில் விழுந்தது என்று மறு கட்சி. பேச்சு முற்றிக் கைகலப்பாகி ஆட்டம் நின்றது. இரு கிளப்புகளும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. இதற்கு, கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்சிசியின் சட்டத்தில் எட்டாம் விதியிலேயே வழி இருக்கிறது. தேவைப்பட்டால் அம்பயர்கள் இருவரும் பேசி, பெயில்ஸ் இல்லாமலே ஆட்டத்தை நடத்தலாம். ஒரு பக்கம் மட்டும் எடுக்கக் கூடாது, இரு பக்கமும் எடுக்க வேண்டும். காற்று குறைந்தால் மறுபடி வைக்க வேண்டும். பெயில்ஸ் இல்லாத நேரத்தில் விக்கெட் விழுந்ததா என்று சொல்வது அம்பயரின் பொறுப்பு. அப்படியானால் அந்த அம்பயர் இரு கிளப்பையும் சேராதவராக, சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும் அல்லவா? டோர்னமென்ட் நடத்துகிறவரின் மச்சானை வெள்ளைச் சட்டை போட்டு நிறுத்தினால் யார் ஏற்பார்கள்? வகுப்பு முடித்தவர்களிலிருந்து ஒரு அம்பயர் பட்டியல் தயாராகி வருகிறது. கூட்டமைப்பு அனுப்பும் அம்பயரைத்தான் வைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி.

மூன்றாவது, ஸ்கோர் புத்தகம். இந்த ஆண்டு மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் கேரளம் முதல் முறையாகப் பைனலுக்குப் போனதை நாம் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். கால் இறுதியில் ஜம்மு காஷ்மீர் 280, கேரளம் 281. அரை இறுதியில் குஜராத் 455, கேரளம் 457. முதலில் ஒரு ரன், பிறகு இரண்டு ரன் முன்னிலை. இரண்டு ஆட்டமும் டிரா ஆனதால், முதல் இன்னிங்ஸின் அந்த முன்னிலையை வைத்தே பைனல் வாய்ப்பு வந்தது. குஜராத்தின் கடைசி விக்கெட் எப்படி விழுந்தது என்பதையும் பார்த்தோம். பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எழும்பிய பந்தைச் சச்சின் பேபி பிடித்தார். 2017-க்கு முன் அது அவுட் இல்லை. சட்டம் மாறியது தெரியாத ஒரு அம்பயர் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாக்பூரில் விதர்பா முதல் இன்னிங்ஸில் முந்தியதால் கோப்பை கைக்கு வரவில்லை. அது வேறு வருத்தம். நான் சொல்ல வந்தது, நம் ஆட்டங்களில் சிகரெட் அட்டையின் பின்புறம் ஸ்கோர் எழுதுகிறோம். ஒரு ரன் வித்தியாசத்தில் இங்கே எத்தனை சண்டை நடந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 1959–60-இல் கேரளத்தின் பாலன் பண்டிட் பாலக்காட்டில் ஆந்திரத்துக்கு எதிராக அடித்த 262 நாட் அவுட் இன்றும் பேசப்படுகிறது என்றால், அதைப் பந்துபந்தாக ஒருவர் எழுதி வைத்தார் என்பதே காரணம். எருத்தேம்பதிப் பையன் ஒருவன் சென்ற மாதம் ஹாட்ரிக் எடுத்தான். அதற்கு எங்கும் எழுத்து இல்லை. நாளைக்கு அவன் பாலக்காட்டில் செலக்ஷனுக்குப் போனால் எதைக் காட்டுவான்?

கூட்டமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்யும் வேலை எங்கே நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மாதிரி பைலா (சங்க விதிகள்) என்று ஒரு கிளப் பாலக்காட்டிலிருந்து ஒரு பிரதி கொண்டு வந்தது. பொள்ளாச்சி நண்பர்கள் ஒரு பிரதி தந்தார்கள். இரண்டும் நமக்கு உதவாது. பாலக்காடு தாலுகா பழைய மலபார் மாவட்டத்தில் இருந்தது, அங்கே 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். பொள்ளாச்சிக்குத் தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம். சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்த பகுதி. ஆகவே நமக்கு 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிலையச் சங்கங்கள் பதிவுச் சட்டம். இதை விசாரித்துத் தெரிந்துகொண்டு பைலாவை முதலிலிருந்து எழுதினேன். தமிழில் எழுதி, மலையாளப் பிரதியும் தயார் செய்தாகிவிட்டது. மொழிபெயர்த்துக் கொடுத்த ஆசிரியர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

சங்கத்தின் நோக்கத்தைச் சொல்லும் ஆவணமான மெமோராண்டத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். சென்ற பொதுக்குழுவில் ஏழு பேர் கை தூக்கினார்கள். மேடையில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டார், குறை சொல்ல முடியாது. இன்னும் இருவர் அடையாள அட்டை நகல் இன்று தருகிறேன் நாளை தருகிறேன் என்று ஆண்டைக் கடத்திவிட்டார்கள். போன் எடுப்பதில்லை. பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவர்கள் இன்று இங்கே வரவும் இல்லை. சட்டமும் பைலாவும் முத்திரைத்தாளும் தயாராக இருந்தும் வேலை நிற்பது இந்தக் கையெழுத்துகளால்தான். கூட்டமைப்பைச் செயலாளர் தன் சொந்தச் சொத்தாக வைத்திருக்கிறார் என்று பேசியவர்களும் இவர்களே என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுக் கிளப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-இல் மாநிலக் கோடு போட்டார்கள். நம் கல்யாணமும் சந்தையும் கோடு பார்த்து நடப்பதில்லை, ஆட்டமும் அப்படியே. ஆனால் கேரளத்தில் பதிவாகும் சங்கத்தின் நிர்வாகத்தில் அவர்களைச் சேர்த்தால் நாளைக்கு மாவட்டச் சங்கத்தோடு இணைப்புக் கேட்கும்போது சிக்கல் வரும் என்று நினைக்கிறேன். ஆகவே அவர்கள் அழைப்புக் கிளப்புகளாக ஆடலாம், ஓட்டு மட்டும் இல்லை என்று எழுதியிருக்கிறோம். இதனால் சில அண்ணன்மார்களுக்கு என் மேல் வருத்தம் உண்டு. அவர்களுக்கு நம் டோர்னமென்ட்டில் இடம் எப்போதும் உண்டு என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிளப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். ஒரு டோர்னமென்ட் என்ட்ரி பீஸைவிடக் குறைவு. ஒரு கெஸ்ட் ஆட்டக்காரருக்கு ஒரே நாளில் அதற்கு மேல் கொடுக்கிறோம். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட கிளப்புகள் தரவில்லை. சில கிளப்புகள் இரண்டு ஆண்டு பாக்கி. 'முதலில் பதிவு ஆகட்டும், பிறகு தருகிறோம்' என்கிறார்கள். பணமில்லாமல் பதிவு ஆகாது. புது ஜெர்சிக்கு ஸ்பான்சர் பிடிக்கத் தெரிந்த கிளப்புக்குச் சந்தா கட்ட வழி தெரியவில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை. ஏழைப் பையன்களே நடத்தும் ஒரு சிறு கிளப், கூலி வேலை செய்து, ஆண்டின் முதல் மாதத்திலேயே முழுப் பணத்தையும் கொண்டு வந்து கொடுத்தது. அவர்களுக்கு இந்தச் சபை கைதட்டல் தர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வந்தது அம்பயர் வகுப்புக்கும் அச்சுக்கும் அலுவலகச் செலவுக்கும் பெரும்பாலும் சரியாகப் போனது. மீதி சிறிய தொகை கையிருப்பில் உள்ளது. சில செலவுகளை நானும் தலைவரும் பொறுத்துக்கொண்டோம். அதை இங்கே கணக்குக் கேட்கவில்லை.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், வார்டு மெம்பர்களுக்கும், பந்தலும் மைக்கும் தந்தவர்களுக்கும், இளநீர் வெட்டிக் கொடுத்த தோப்புக்காரர்களுக்கும், அட்சயா இ-சேவை மையத்தில் விண்ணப்பம் தட்டிக் கொடுத்த தங்கைக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்கவும்.

வரும் ஆண்டு பற்றி. பதிவு முடிந்தால் கார்த்திகைக்குப் பின் ஒரு லீக் நடத்தத் திட்டம் இருக்கிறது. எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக். நாக் அவுட்டில் ஒரு மோசமான காலையோடு ஒரு கிளப்பின் ஆண்டு முடிந்துவிடுகிறது. லீக்கில் சின்னக் கிளப்புக்கும் ஏழெட்டு ஆட்டம் கிடைக்கும். பதினாறு வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பிரிவும், தையல் போட்ட தோல் பந்தான ஸ்டிச் பந்தில் பழகத் தரையில் விரிக்கும் ஒரு கயிற்று மேட்டும் வேண்டும். டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடிப் பழகியவன் செலக்ஷனில் முதல் பந்திலேயே தடுமாறுகிறான். மேட் வாங்க ஒருவர் முன்வந்தால் அதில் அவர் பெற்றோர் பெயரை எழுதி வைப்போம். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பழைய ஆட்டக்காரர்கள் பலர் ஊருக்கு வரும்போது ஏதாவது செய்யணும் என்று சொல்கிறார்கள். அவர்கள் காதுக்கு இதைக் கொண்டு சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் பதவிக்கு விருப்பமுள்ளவர் யாராக இருந்தாலும் மினிட்ஸ் புத்தகம், பைலா கோப்பு, சாவி மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடும் ஏழு பேரை இன்றைக்கே, இந்தக் கூட்டம் கலையும் முன்பே புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ஆதார் நகலைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரவும். சந்தா பாக்கியைப் பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு வாங்கிக்கொள்வார். ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்