புகார்: ‘கேப் வராது’ என்று சொல்லி விற்ற மல்டி எஃபெக்ட்ஸ்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் கடையில் 689 வெள்ளிக்கு ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பிராசசர், அதாவது கிட்டார் ஒலியை மாற்றும் பல எஃபெக்ட்களை ஒன்றாக வைத்திருக்கும் கருவி, வாங்கினேன். என்னுடைய கோரஸ் பெடலையும் (ஒலியைத் தடிப்பாக்குவது) அனலாக் டிலே பெடலையும் (எதிரொலி தருவது) டிரேட்-இன்னாக எடுத்துக்கொண்டு 210 வெள்ளி கழித்தீர்கள். ரசீதை இணைத்திருக்கிறேன். கருவியில் பழுது இல்லை, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்திருக்கிறது. பழுது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வாங்கும் முன் நான் கேட்ட கேள்விக்கு உங்கள் ஆள் சொன்ன பதில் பொய்யாகிவிட்டது. புகார் அதுதான்.

நான் ஒரு தமிழ் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். சமூக மன்ற நிகழ்ச்சிகள், கல்யாண வரவேற்புகள், தீபாவளி, பொங்கல். சரணம் முடிந்து இடையிசை தொடங்கும் அதே தாளத்தில் சுத்தமான ஒலியிலிருந்து லீடுக்கு, அதாவது முன்னால் எடுத்து ஒலிக்கும் தனி வாசிப்பு ஒலிக்கு, போக வேண்டும். தனித்தனிப் பெடல்களில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, காலால் ஒரு மிதி, வேலை முடிந்தது. அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன்: பேட்ச் (சேமித்து வைத்த எஃபெக்ட் தொகுப்பு) மாற்றும்போது ஒலி அறுபடுமா, டிலேயின் வால், அதாவது மெல்ல அடங்கும் எதிரொலி, அப்படியே தொடருமா என்று. “யெஸ் சார், கேப் வராது, டிலேயும் கட் ஆகாது” என்று பதில் வந்தது. அந்த உரையாடலின் படமும் இணைப்பில் உள்ளது.

ஒத்திகையில் முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. பேட்சை மாற்றிய கணத்தில் ஒலி நின்று, பிறகு வருகிறது. டிலேயின் எதிரொலி பாதியில் கத்தரித்ததுபோல் போய்விடுகிறது. தபேலா வாசிக்கும் தம்பி, “அண்ணே, வயர் லூஸா?” என்று கேட்டான். வயர் சரியாகத்தான் இருந்தது. ஒரு பேட்சை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பிராசசர் புதிய எஃபெக்ட்களை ஏற்றிக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் ஒலி விட்டுப்போகிறது. பழைய பேட்சின் வாலைத் தொடரவிடும் கருவிகளும் சந்தையில் உண்டு, அதற்குக் கூடுதல் செயல்திறன் தேவை. நீங்கள் விற்ற மாடலில் அந்த வசதியே இல்லை என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. விற்பவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாமே?

எல்லா எஃபெக்டையும் ஒரே பேட்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அணைத்து ஏற்றுங்கள் என்று உங்கள் பதிலில் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். சரி, அதையும் செய்து பார்த்தேன். ஆம்ப் மாடல் (ஆம்ப்ளிஃபையர் ஒலியைப் போலச் செய்வது), ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), கோரஸ், டிலே வரை போனது. ரிவெர்ப் (பெரிய அறையின் முழக்கம் தருவது) சேர்த்ததும் செயல்திறன் போதவில்லை என்று திரையில் வந்து நின்றுவிட்டது. ரிவெர்பை விட்டுவிட்டு வாசிப்பதென்றால் என் பழைய பெடல்களே போதுமே, எதற்கு 689 வெள்ளி?

அப்புறம் அந்த அடாப்டர் விஷயம். ஓவர்டிரைவ் பெடலை மட்டும் நான் கொடுக்கவில்லை. அதையும் பிராசசரையும் ஒரே அடாப்டரில் ஓட்டலாம் என்று சொல்லி, கிளை பிரியும் பவர் கேபிள் ஒன்றையும் விற்றார்கள். மாட்டினால் பின்னணியில் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) கூட்டக் கூட்ட அதுவும் கூடுகிறது. ஓவர்டிரைவுக்குத் தனியாக பேட்டரி போட்டால் சத்தம் இல்லை. டிஜிட்டல் கருவியும் அனலாக் பெடலும் ஒரே மின்வழியைப் பகிர்ந்தால் இப்படி வருவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளையைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

மல்டி எஃபெக்ட்ஸே மோசம் என்று நான் சொல்லவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு ஹெட்போன் போட்டுக்கொண்டு பயிற்சி செய்பவருக்கு அதைவிட வசதியானது வேறில்லை. ஆனால் ‘பெடல் எல்லாம் பழைய காலம் சார்’ என்று சொல்லி ஆளை மாற்ற வேண்டாம். பாஸ் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த டிஎஸ்-1 பெடல் இன்றும் புதிதாக விற்பனையில் இருக்கிறது. உங்கள் அலமாரியிலும் இருக்கிறது.

அதே கண்ணாடி அலமாரியில் என் டிலே பெடலையும் போன சனிக்கிழமை பார்த்தேன். அடியில் நான் ஒட்டிய வெல்க்ரோகூட உரிக்கப்படவில்லை. டிரேட்-இன்னில் எனக்குக் கழித்தது 110, அதில் தொங்கும் விலைச்சீட்டு 220.

விற்பவர் சொன்னபடி இல்லாத பொருள், ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத பொருள்தான். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, சிங்கப்பூரில் எல்லோரும் ‘லெமன் லா’ என்று சொல்லும் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் பொறுப்பு. பெட்டி பிரித்தாகிவிட்டது என்பது அதற்குப் பதிலாகாது. மாட்டிப் பார்க்காமல் கேப் வருமா வராதா என்று எப்படித் தெரியும்?

நான் கேட்பது இவ்வளவுதான். பிராசசரையும் பவர் கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் டிலே, கோரஸ் இரண்டையும் திருப்பிக் கொடுங்கள், நான் கட்டிய மீதி 479 வெள்ளியையும் கேபிளின் விலையையும் சேர்த்து. கோரஸ் விற்றுப்போயிருந்தால், நீங்கள் அதை விற்ற விலையைக் கொடுத்தால் போதும். டிலேயை இந்த விஷயம் முடியும்வரை யாருக்கும் விற்காமல் எடுத்து வையுங்கள்.

இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். ஜனவரியில் பொங்கல் நிகழ்ச்சி இருக்கிறது, அதற்குமேல் என்னால் காத்திருக்க முடியாது. பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன், அங்கும் முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். இந்த அளவு தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் 10 வெள்ளி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஒலி அறுபடுவதைக் காட்டும் காணொளி